பணியிடம் ஒன்று உரையாடற் சமூகமாக இயங்குவது எவ்வாறு?

உரையாடற் சமூகம் என்பது, பொதுவான நோக்கம் ஒன்றுக்காகத் தமக்கென வழக்கமான தொடர்பு முறைகளையும் சொற்களையும் எழுத்து வடிவங்களையும் கைக்கொள்வோரின் கூட்டம். மொழியியலாளர் ஜோன் சுவேல்ஸ் 1990 இல் இதற்கு ஆறு அடையாளங்களை வகுத்தார்.

யாழ்ப்பாணத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் சுற்றுநிருபம் வந்ததும், அதை எந்தக் கோவையில் இடுவது, யாருக்கு எவ்வளவு சுருக்கமாகக் குறிப்பெழுதி அனுப்புவது என்பதை மூத்த முகாமைத்துவ உதவியாளர் எவரிடமும் கேளாமலே அறிவார். ஒரே வேலை நாள்தோறும் திரும்ப வருவதால், ஒவ்வொரு முறையும் முழுவதையும் விளக்கத் தேவையில்லாத சுருங்கிய வழக்கு அங்கே தானாகவே உருவாகிறது. சமையலறையில் "அந்தப் பேணியை எடு" என்றால் வீட்டாருக்கு விளங்கும், விருந்தினருக்கு விளங்காது, அதுபோன்றதே இது. ஆகவே புதியவரின் தடுமாற்றத்தைத் திறமைக்குறைவு என்பது அநீதியென்றே கருதுகிறேன்.

கலைச்சொற்களை மனனம் செய்தாலே அச்சமூகத்தின் உறுப்பினராகிவிடலாம் என்று பலர் எண்ணுவது தவறு. எதை யாரிடம், எப்போது, எந்த வடிவில் சொல்வது என்பதையும் பழகியாக வேண்டும்.