அறுபதாவது நிமிடம்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு அல்சைமர் என்று உறுதியாகி ஓராண்டாகிறது. அன்றிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவில் பி38 என்ற புரதக் கைனேஸ் நொதி தூண்டப்படுவதுதான் அழற்சிக்குக் காரணம் என்று புரிந்துகொண்டேன். வில்லன் யார் என்று தெரிந்தும் அந்த சுவிட்சை அணைக்க ஏன் இன்னும் மருந்து வரவில்லை? கைனேஸைத் தடுக்கும் என்று இணையத்தில் ஒரு மாத்திரை விற்கிறார்கள், கொடுக்கலாமா? எம்1 மைக்ரோகிளியா கெட்டது, எம்2 நல்லது என்பது சரியா? தியானம் அழற்சியைக் குறைக்குமா? நேற்று அப்பாவுக்கு என் பெயர் வரவில்லை. ஆனால் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி, துடைத்துத் தந்தார்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இரவு ஒன்றரை மணிக்கு எழுதியிருக்கிறீர்கள். அவர் தூங்கிய பிறகு கிடைக்கிற நேரம் அதுதான் போலும். முதலில் நீங்கள் கொஞ்சம் தூங்குங்கள்.

மாத்திரை வேண்டாம். மனித உடலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. எதைத் தடுக்கிறோம் என்றுகூடச் சொல்லாமல் விற்கிறவனிடம் உங்கள் அப்பாவை ஒப்படைக்காதீர்கள். அவருடைய மருத்துவர் பார்க்காமல் எதுவும் அவர் வாய்க்குள் போகக் கூடாது. தியானம் உங்களுக்கு நல்லது, செய்யுங்கள். எம்1, எம்2 கதையை மறந்துவிடுங்கள். அந்தப் பெயர்களைக் கைவிடும்படி இத்துறை ஆய்வாளர்களே 2022இல் கூட்டாக எழுதிவிட்டார்கள்.

என்னை உட்காரவைத்து எழுதச் செய்தவை ‘வில்லன்’, ‘சுவிட்ச்’ என்ற இரண்டு சொற்கள். இவ்வளவு படித்தவர் இப்படி எழுதலாமா? கைனேஸ் செய்கிற வேலை மிகச் சிறியது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டுகிறது. ஒட்டியதும் அந்தப் புரதத்தின் மின்னேற்றம் மாறும், பெரும்பாலும் வடிவமும் நடத்தையும் மாறும். ஒட்டுவதற்கு ஒருவர் இருப்பதுபோல உரித்தெடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாஸ்பட்டேஸ்கள். எனக்கு வரும் கடிதங்களில் கைனேஸைத் திட்டாதவர் இல்லை, பாஸ்பட்டேஸைப் பற்றிக் கேட்டவரும் இல்லை.

நானும் ஒரு காலத்தில் கேட்காதவன்தான். ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் எலியின் மைக்ரோகிளியா செல்களைத் தட்டுகளில் வளர்த்து, பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை ஊற்றி, பூஜ்யம், ஐந்து, பதினைந்து, முப்பது, அறுபது நிமிடங்களில் ஐஸில் வைத்து உடைத்தேன். பாஸ்பேட் ஏறிய பி38ஐ மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடியைப் போட்டு, இருட்டறையின் சிவப்பு விளக்கில் பிலிமைக் கழுவினேன். பி38 தூண்டப்பட்டிருந்தால் பிலிமில் கரும்பட்டை விழ வேண்டும். ஐந்து இடமும் வெறுமை. ‘பி38 தூண்டப்படவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டு, பெருமையாகப் பேராசிரியரிடம் நீட்டினேன். அவர் பிலிமை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “செல்லை உடைக்கும் கரைசலில் பாஸ்பட்டேஸ் தடுப்பான் கலந்தாயா?” என்றார். சோடியம் ஃபுளோரைடையும் ஆர்த்தோவனடேட்டையும் கலக்க மறந்திருந்தேன். செல் உடைந்த பிறகும் அந்த நொதிகள் ஓயவில்லை. நான் பார்க்க நினைத்த பாஸ்பேட்டை என் மேசைமேலிருந்த குழாய்க்குள்ளேயே கழற்றி எறிந்துவிட்டன.

மறுமுறை சரியாகச் செய்தேன். பூஜ்யத்தில் ஒன்றுமில்லை, ஐந்தில் நிழல், பதினைந்திலும் முப்பதிலும் கரும்பட்டை, அறுபதில் வெளிறல். நான் கரும்பட்டையைக் காட்டிக் குதித்துக்கொண்டிருந்தபோது அவர் விரல் அறுபதில் நின்றது. “இது எப்படி மங்கியது என்று கண்டுபிடி” என்றார். அதே மாதிரிகளில் ஐகேபி என்ற புரதத்தையும் பார்க்கச் சொன்னார். என்எஃப்-கேபி என்ற இன்னொரு புரதத்தை உட்கருவுக்குள் போகவிடாமல் கட்டிவைத்திருப்பது அது. ஒரு கைனேஸ் அதன்மேல் பாஸ்பேட்டை ஒட்டியதும் அது அழிக்கப்படும், விடுபட்ட என்எஃப்-கேபி உள்ளே போய் அழற்சி மரபணுக்களை எழுப்பும். என் பிலிமில் பதினைந்தாவது நிமிடம் ஐகேபி இல்லை, அறுபதில் திரும்பியிருந்தது. உள்ளே போன என்எஃப்-கேபி எழுப்பும் மரபணுக்களில் ஐகேபியின் மரபணுவும் ஒன்று. தன்னைக் கட்டும் கயிற்றைத் தானே திரித்துக்கொள்கிறது.

பி38உம் அப்படித்தான். ஒருபுறம், எம்கே2 என்ற கைனேஸ் வழியாக, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தின் ஆர்என்ஏ சிதையாமல் காத்து அழற்சியைக் கூட்டுகிறது. மறுபுறம், எம்எஸ்கே என்ற கைனேஸ் வழியாக டியுஎஸ்பி1 என்ற பாஸ்பட்டேஸ் உருவாக உதவுகிறது. அந்த டியுஎஸ்பி1 திரும்பி வந்து பி38இன் மேலிருக்கும் பாஸ்பேட்டையே கழற்றும். போதாததற்குத் தனக்கு மேலே இருக்கும் டாக்1 என்ற கைனேஸையும் பி38 அடக்கிவைக்கிறது. அணைத்தால் அணைந்துகிடக்க இதுவா சுவிட்ச்? 1994இல் பி38ஐக் கண்டறிந்தவர்களில் ஒரு குழு, அழற்சிச் சுரப்புகளைக் குறைக்கும் சேர்மங்கள் எதைப் பிடிக்கின்றன என்று தேடித்தான் அதை அடைந்தது. அதனால் மருந்துத் துறை அதன்மேல் பாய்ந்தது. மூட்டுகள் வீங்கும் முடக்குவாதத்தில் பி38 தடுப்பான்களைக் கொடுத்தபோது அழற்சிக் குறியீடுகள் சில வாரம் இறங்கி மறுபடி ஏறின, சிலருக்குக் கல்லீரலும் பாதிக்கப்பட்டது. பிரேக்கையும் சேர்த்துக் கழற்றிவிட்டார்கள் என்பது ஒரு விளக்கம், எனக்கு அதில்தான் நம்பிக்கை. ஆரம்பநிலை அல்சைமரில் நெஃப்ளாமபிமோட் என்ற பி38 தடுப்பானை 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். தண்டுவட நீரில், அல்சைமரோடு தொடர்புடைய டௌ புரதம் குறைந்தது, நினைவாற்றல் மேம்படவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அல்சைமர் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவத்தைச் சூழ்ந்து நின்று அதைக் கட்டுப்படுத்துவதும் இதே மைக்ரோகிளியாதான். அதற்கு எஸ்ஒய்கே என்ற கைனேஸ் வேண்டும். எலிகளின் மைக்ரோகிளியாவிலிருந்து அதை நீக்கியபோது அமிலாய்டு கூடியது. உங்கள் ‘வில்லன்’ கூட்டத்தில் இதையும் சேர்ப்பீர்களா? ‘அழற்சி’யில் அழல் இருக்கிறது, அதனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லோரும் தண்ணீரைத் தேடி ஓடுகிறார்கள். என் தட்டில் நான் ஒரு முறைதான் ஊற்றினேன், செல்கள் தாமே அடங்கின. உங்கள் அப்பாவின் மூளையிலோ படிவம் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது, தூண்டலுக்கு ஓய்வில்லை. அந்த அறுபதாவது நிமிடம் அங்கே ஏன் வருவதில்லை என்று கேட்கிற ஆய்வுகளைத் தேடிப் படியுங்கள் அம்மா.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கடிதத்தின் கடைசி வரிக்கு இப்போதுதான் வருகிறேன். கண்ணாடியை எதில் துடைத்தார், சட்டை நுனியிலா? துடைத்த பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாரா? எழுதுங்கள். அதைத் தளத்தில் போட மாட்டேன்.