பாட்டு எறக்கினா லெட்டர் வருமா?

தம்பி, ஃப்ரைபர்க்ல மேல்படிப்புக்குச் சேர்ந்து கூட்டாளிகளோட வீடு எடுத்திருக்கீங்க, நெட் கனெக்‌ஷன் உங்க பேர்ல. வேலந்தாவளத்துல மொபைல் கடைக்காரர் மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏத்திக் கொடுத்த மாதிரி, இங்க டோரண்ட்ல எடுத்தா என்னாகும்னு கேட்டிருக்கீங்க. கனடாவுல இருக்கற உங்க பெரியப்பா பையன், "லெட்டர் வரும், குப்பையில போட்டுட்டு வேலையைப் பாரு"ன்னாராம். கனடாவுக்கு அது ஓரளவு ஓடும். ஜெர்மனிக்கு ஆகாது.

நானும் கொழிஞ்சாம்பாறைக்காரன்தான், அதனால நம்ம பக்கத்துக் கணக்குலயே சொல்றேன். கேரளா லாட்டரிச் சீட்டு நம்ம கடைவீதியில தொங்குனா வியாபாரம். அதே சீட்டை எல்லை தாண்டிப்போய் வித்தா கேசு, தமிழ்நாட்டுல 2003-லயே லாட்டரியைத் தடை பண்ணிட்டாங்க. பாட்டு எறக்கறதும் இதே கதைதான்.

நான் இப்ப ஜெர்மனியில இருக்கற வைல் அம் ரைனும் எல்லையூர்தான். 8-ம் நம்பர் டிராம் ஏறினா சுவிட்சர்லாந்து, நடைபாலம் தாண்டினா பிரான்ஸ். சுவிஸ்ல சொந்தமா கேக்கறதுக்குப் பாட்டு எறக்கினா குத்தமில்ல, மத்தவங்களுக்கு ஏத்திவிட்டாத்தான் குத்தம். பிரான்ஸ்ல 2010-ல இருந்து அரசாங்க அமைப்பே முதல்ல மெயில்ல எச்சரிக்கும், அடுத்தது பதிவுத் தபால், அதுக்கும் மசியாட்டி கோர்ட்டு. நெட்டையே துண்டிக்கலாம்னு இருந்த தண்டனையை 2013-ல எடுத்துட்டாங்க.

ஜெர்மனியில வர்றது வக்கீல் நோட்டீஸ், அப்மானுங்ம்பாங்க. டோரண்ட்ல நீங்க எறக்கிட்டு இருக்கும்போதே, வந்து சேர்ந்த துண்டை உங்க மிஷின் அடுத்தவனுக்கு ஏத்தி விட்டுட்டு இருக்கும். மாட்டறது அந்த ஏத்தறதுலதான். பாட்டுக் கம்பெனி வச்ச ஆளு, அந்தப் பாட்டைப் பகிர்ந்துக்கற அதே கூட்டத்துக்குள்ள உக்காந்து, உங்க கனெக்‌ஷனோட அடையாளமான ஐபி நம்பரைக் குறிச்சுக்குவான். கோர்ட்டுல உத்தரவு வாங்கி, இந்த நம்பர் யாரோடதுன்னு நெட் கம்பெனிகிட்ட கேப்பாங்க. 2008-ல இருந்து சட்டமே அதுக்கு வழி விட்டிருக்கு. லெட்டரைப் பிரிச்சா பாட்டு பேரு, ஃபைலோட அடையாள எண், தேதி, மணி, நிமிஷம், வினாடி வரைக்கும் இருக்கும். முதல்தடவை பாக்கறவங்களுக்கு வயித்தைக் கலக்கும். ஆனா அனுப்புனது வக்கீல் ஆபீஸ்தான், போலீஸ் இல்ல. இது சிவில் விவகாரம்.

உள்ள ரெண்டு சமாச்சாரம் இருக்கும். ஒண்ணு பணம். வக்கீல் கூலிக்கு 2013-ல சட்டம் ஒரு வரம்பு வச்சுது, நஷ்டஈடு அதுல சேராது. ஒரு பாட்டுக்கு 200 யூரோங்கற கணக்கை 2015-ல கார்ல்ஸ்ரூவுல இருக்கற ஜெர்மனியோட உச்ச சிவில் கோர்ட்டே ஒத்துக்கிச்சு. இன்னொண்ணு "இனிமே செய்ய மாட்டேன், செஞ்சா அபராதம் கட்டறேன்"னு கையெழுத்துப் போடச் சொல்ற தாள். எல்லாரும் பணத்தைப் பார்த்துத்தான் பயப்படுவாங்க, என்னைக் கேட்டா அந்தத் தாள்தான் ஆபத்து. அவங்க எழுதுனதை அப்படியே போட்டுக் கொடுத்தா, குத்தத்தை ஒத்துக்கிட்டதாவும் ஆயிடலாம், வருஷக்கணக்கா காலைச் சுத்தும். வக்கீலை வச்சு வாசகத்தைத் திருத்தித்தான் கொடுக்கணும்.

கூட்டாளி எறக்கினா? லெட்டர் உங்க பேருக்குத்தான் வரும், கனெக்‌ஷன் உங்களது. வயசுக்கு வந்த கூட்டாளிகளுக்கு "எறக்காதே"ன்னு புத்தி சொல்லி வைக்கற கடமை உங்களுக்கில்லைன்னு 2016-ல அதே கோர்ட்டு சொல்லியிருக்கு. அதுக்காக சும்மா இருந்துர முடியாது. அந்த நேரத்துல வீட்டுல யாரெல்லாம் நெட் பாவிச்சாங்கன்னு நீங்கதான் விவரம் சொல்லணும். கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கறதான்னு சங்கடமா இருக்கும், கோர்ட்டுக்கு அந்தச் சங்கடமெல்லாம் தெரியாது.

உங்க அண்ணன் விஷயத்துக்கு வர்றேன். கனடாவுல 2015-ல இருந்து நெட் கம்பெனி நோட்டீசைக் கைமாத்தி அனுப்பணும், கோர்ட்டு உத்தரவில்லாம அனுப்புனவங்களுக்கு உங்க பேரைச் சொல்லாது. காசு கேட்டு நோட்டீஸ் அனுப்பறதையும் 2018-ல நிறுத்திட்டாங்க. லாப நோக்கமில்லாததுக்குச் சட்டம் வச்ச நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பே 5,000 டாலர். அந்தத் தெம்புல பேசறார். கீழ அமெரிக்காவுல 24 பாட்டுக்கு ஒரு அம்மா மேல 2,22,000 டாலர் தீர்ப்பு ஆச்சு, 2012-ல அப்பீல்லயும் அது நின்னுச்சு. ஆயிரக்கணக்கான பேர் மேல கேஸ் போட்ட அந்தப் பாட்டுக் கம்பெனிகள் 2008-ல சலிச்சுப்போய், கூட்டமா கேஸ் போடறதை விட்டுட்டாங்க.

நம்ம நாட்டுலயும் சட்டம் சாதுவில்ல, பதிப்புரிமைச் சட்டம் 63-ம் பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. ஆனா பாட்டு கேட்டவன் வீட்டுக்கு யாரு வந்தா? முகந்தெரியாத பிரதிவாதிக்கு "அசோக் குமார்"னு பேர் வச்சு உத்தரவு வாங்கி, சைட்டைத்தான் முடக்குவாங்க. தமிழ்ப் பாட்டைத் தேடி ஜெர்மனிக்கு யாரு வரப்போறாங்கன்னும் நெனைக்காதீங்க. பதிப்புரிமைக்கான பெர்ன் ஒப்பந்தத்துல ரெண்டு நாடும் இருக்கு, நம்ம பாட்டுக்கும் இங்க அதே உரிமைதான்.

மாணவர் சந்தா பாதி விலைக்குக் கிடைக்குது, அதுல பாட்டு கேளுங்க. லெட்டர் வந்துட்டா முதல்ல கடைசித் தேதியைப் பாருங்க, அவகாசம் குறைச்சலாத்தான் கொடுப்பாங்க. அவங்க ஆபீசுக்கு நீங்களா போன் போட்டுப் பேசாதீங்க, பதறிப்போய் வாய்விட்டா அதுவே உங்களுக்கு எதிராத் திரும்பும். நுகர்வோர் மையத்துக்கோ, யுனிவர்சிட்டிப் பக்கம் இருக்கற மாணவர் சட்ட ஆலோசனைக்கோ லெட்டரோட போங்க. கவரையும் சேர்த்து எடுத்துட்டுப் போங்க, உண்மையான ஆபீசுதானான்னு பார்த்துச் சொல்லுவாங்க, இதுல போலி லெட்டரும் நடமாடுது.