சைகோன் டிரங்குப் பெட்டியும் 500 பியாஸ்தர் நோட்டும்

கேள்வி: 1946-ல் சைகோனிலிருந்து காரைக்கால் திரும்பிய என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு வெள்ளிக்காசும் சில 500 பியாஸ்தர் நோட்டுகளும் கிடைத்தன. நோட்டில் 'பாங்க் தெ லேந்தோஷீன்' என்றிருக்கிறது. எந்த நாட்டு வங்கி இது? நோட்டை மாற்ற முடியுமா?
– வாசகர், காரைக்கால்

பதில்: முடியாது தம்பி. காசாளர் கூண்டிலேயே காலம் தள்ளியவன் நான். கூசாமல் சொல்கிறேன், காசுக்கு விலை உண்டு, நோட்டுக்கு இல்லை. காசைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பியாஸ்தர் காசானால், தரம் 0,900 (ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி), எடை 27 கிராம் என்று பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். யார் ஆண்டாலும் வெள்ளி வெள்ளிதான். நோட்டின் கதி வேறு.

நோட்டில் உள்ள பெயருக்கு 'இந்தோசீன வங்கி' என்று பொருள். பிரெஞ்சு வங்கி, பாரிஸில் 1875-ல் பிறந்தது. கொச்சின்சீனாவிலும் (வியட்நாமின் தென்பகுதி, சைகோன் அங்கேதான்) நம் பிரெஞ்சிந்தியப் பகுதிகளிலும் நோட்டு அச்சிடும் உரிமை அதற்குத்தான். சைகோனில் நாணயம் பியாஸ்தர், புதுச்சேரியில் ரூபாய். பழைய பிரெஞ்சு ஆளுநர் தூய்ப்ளே படம் போட்ட 50 ரூபாய் நோட்டு இங்கே புழங்கியது. சைகோனில் கிட்டங்கி (வட்டிக்கடை) வைத்திருந்த நகரத்தார் இந்த வங்கியில் கடன் வாங்கி, வியட்நாமிய நிலக்காரர்களுக்கு வட்டிக்கு விட்டார்கள். 1930-களில் நெல் விலை விழுந்ததும், அடமானம் பிடித்த வயல்கள் அவர்கள் தலையில் விழுந்தன.

உங்கள் நோட்டுக்கு வருவோம். 1940-லேயே ஜப்பானியப் படை இந்தோசீனாவுக்குள் வந்துவிட்டது. ஆனாலும் பிரெஞ்சு நிர்வாகத்தையும் வங்கியையும் விட்டுவைத்து, படைச் செலவுக்குப் பியாஸ்தர் கறந்துகொண்டார்கள். 1945 மார்ச் 9-ல் அந்த நிர்வாகத்தையும் கவிழ்த்தார்கள். அதற்குப் பின் 500 பியாஸ்தர் நோட்டு மளமளவென்று வெளியே வந்தது. ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும், ஹோ சி மின்னின் விடுதலை இயக்கமான வியட்மின் ஹனோயைப் பிடித்தது. அரசு அலுவலகங்கள் எல்லாம் கைக்கு வந்தன, வங்கி மட்டும் வரவில்லை. வாசலில் ஜப்பானியக் காவல்! கஜானா காலியாக இருந்ததால், செப்டம்பரில் 'தங்க வாரம்' நடத்தி மக்களிடம் மோதிரமும் தோடும் வாங்கித்தான் ஹோ சி மின் அரசு சமாளித்தது. சண்டைக்காரர்கள் பலர், வங்கி ஒன்று. அதை யாரும் உடைக்கத் துணியவில்லை என்பதுதான் எனக்கு வேடிக்கை.

பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். உயர் ஆணையர் தர்ழான்லியே, அந்த மார்ச் 9-க்குப் பிறகு வெளிவந்த 500 பியாஸ்தர் நோட்டு செல்லாது என்று 1945 நவம்பரில் அறிவித்தார். தாத்தாவின் நோட்டுகள் அந்த வரிசையாக இருந்தால், அவர் கப்பலேறும்போதே அது வெறும் காகிதம். அச்சிட்ட வங்கிக்கு ஒரு கீறலும் இல்லை. இந்தோசீனாவில் நோட்டு உரிமை 1952-ல் போனது. வங்கி 1975-ல் சூயஸ் குழும வங்கியோடு இணைந்து 'இந்தோசூயஸ்' ஆனது. 1996-ல் கிரெடி அக்ரிகோல் என்ற பிரெஞ்சு வங்கி அதை வாங்கிக்கொண்டது.

நோட்டு சேகரிப்பவர்கள் ஏதாவது கொடுப்பார்கள். தயவுசெய்து லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள். அப்புறம் அவர்களும் வாங்க மாட்டார்கள்.