முதலில் ஓடட்டும், நிற்கட்டும், பெயின்ட் அப்புறம்

கேள்வி: என் அப்பா ஓட்டிய 1950களின் பிக்கப் வண்டி பதினைந்து வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. "நாம ரெண்டு பேரும் சேர்ந்து சரி பண்ணலாம்பா" என்கிறாள் 14 வயது மகள். ஆயில் மாற்றுவேன், பிளக் கழற்றுவேன். அதற்கு மேல் எனக்கு அனுபவமில்லை. வார இறுதியில்தான் நேரம். எங்கே தொடங்குவது? அவளிடம் என்ன வேலை கொடுக்கலாம்?

பதில்: மகளே வந்து கேட்டிருக்கிறாள் என்பது எனக்கு மிகவும் சந்தோஷம். அந்த ஆர்வம் வற்றாத வரிசையில் வேலையை அமைத்துக்கொள்ளுங்கள். வண்டியை முழுவதும் பிரித்துப் போடாதீர்கள். பிரிக்க ஒரு மாதம் போதும். திரும்பப் பூட்டி முடிப்பதற்குள் அவளுக்குப் பதினெட்டு வயதாகிவிடும். பாதியில் கைவிட்டு விலைக்கு வரும் பழைய வண்டிகளில் நான் பார்த்தவை அநேகமாக இப்படி டப்பா டப்பாவாகக் கிடந்தவைதான். எஞ்சின் ஓட வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும். இந்த இரண்டும் முடிந்து வண்டி பத்தடி நகர்ந்துவிட்டால், துருவோடு மல்லுக்கட்டும் நீண்ட மாதங்களைத் தாங்கும் தெம்பு இருவருக்கும் வந்துவிடும்.

அதற்கு முன் வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, அதாவது சேஸிஸைப் பாருங்கள். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மந்தமாகச் சத்தம் தரும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். கேபின் சேஸிஸில் உட்காரும் இடங்கள், கேபினின் பின் மூலைகள், மிதியடிக்குக் கீழே உள்ள தரை ஆகியவை முதலில் போகும். தரைத் தகடு ஓட்டையானால் ஒட்டுப் போடலாம். சேஸிஸே உளுத்திருந்தால், மற்ற எதற்கும் செலவு செய்யும் முன் வெல்டிங் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

சரி, எஞ்சின். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். துருவில் ஒட்டிய பிஸ்டனை ஸ்டார்ட்டர் இழுத்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் உடையலாம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, சில நாள் ஊற விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி (எஞ்சினின் முன்பக்கம் கீழே பெல்ட் ஓடும் சக்கரம்) போல்ட்டில் நீளமான ஸ்பேனர் போட்டுக் கையால் திருப்புங்கள். அசையாவிட்டால் பலம் காட்ட வேண்டாம். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சம அளவில் கலந்து ஊற்றி (நெருப்பு பக்கத்தில் வரவே கூடாது) இன்னும் ஒரு வாரம் விடுங்கள். முன்னும் பின்னும் நூலளவு அசைத்து அசைத்தே விடுவிக்க வேண்டும். தானாகச் சுற்றத் தொடங்கும்போது ஸ்பேனர் அவள் கையில் இருக்கட்டும்.

டேங்கில் உள்ள பெட்ரோல் கெட்டு அரக்குப் போலாகியிருக்கும். அதை இறக்கிவிட்டு, முதல் முறை ஸ்டார்ட் செய்யத் தனிக் கேனிலிருந்து புதுப் பெட்ரோல் கொடுங்கள். டேங்க் ஓட்டையென்றால் வீட்டில் வெல்டிங் வைக்காதீர்கள். காலி டேங்கிலும் ஆவி இருக்கும், வெடிக்கும். புது பேட்டரி வாங்கும் முன் உங்கள் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் இரண்டும் இருந்தன. பாசிட்டிவ் பக்கத்தை பாடியோடு இணைத்த வண்டிகளும் உண்டு.

மகளுக்கு முழுசாகக் கொடுக்க வேண்டிய வேலைகள் இரண்டு: பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரும், ஸ்பார்க் வர மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டும். இந்தக் கால எஞ்சினில் கம்ப்யூட்டருக்குள் நடப்பது இங்கே கண்ணெதிரே நடக்கிறது. கார்பரேட்டரைக் கழற்றும்போது ஒவ்வொரு படிக்கும் படம் எடுத்து, பாகங்களை வெள்ளைத் துணியில் வரிசையாக வைக்கட்டும். மிதவை ஏறினால் ஊசி வால்வு பெட்ரோலை மூடும், இறங்கினால் திறக்கும். இதை அவளே கண்டுபிடிக்கும்வரை நீங்கள் வாய் திறக்காதீர்கள். நெடுநாள் நின்ற வண்டியில் பாயின்ட்டின் முனைகளில் படலம் படிந்து ஸ்பார்க் வராது. மெல்லிய அரத்தால் தேய்த்து, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். பிள்ளைகளின் விரல்கள் இதற்கு நம்மைவிடத் தோதானவை. டார்ச் பிடிக்க மட்டும் கூப்பிட்டால் மூன்றாவது வாரம் வர மாட்டாள்.

எஞ்சினைத் திறந்த வெளியில், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து ஓட்டுங்கள். மூடிய கொட்டகையில் புகை ஆளைக் கொல்லும்.

எஞ்சின் உறுமியதும் ஓட்டிப் பார்க்கத் தோன்றும். பிரேக் முடியாமல் ஓர் அடி கூட நகர்த்தாதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இத்தனை வருடத்தில் வீல் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்திருக்கும், ரப்பர் ஹோஸ்கள் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கும். வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். 1950களின் வண்டிகளில் பெரும்பாலும் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சுற்றுதான். ஓரிடத்தில் கசிந்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். சக்கரத்தின் பிரேக் டிரம்மைத் திறக்கும் வேலை உங்களுடையது, மகள் பக்கத்தில் வேண்டாம். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல், நனைத்துத் துடையுங்கள். முடித்த பிரேக்கை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் காட்டிய பிறகே வண்டி நகரட்டும்.

பழைய பெயின்ட்டும் அப்படித்தான். அதில் ஈயம் இருக்கலாம், வளரும் பிள்ளையின் மூளைக்கு அது விஷம். உப்புத்தாள் போட்டு வறண்ட நிலையில் தேய்க்கவே கூடாது. ஈரமாக, தகுந்த மாஸ்க்கோடு நீங்கள் தேய்க்க வேண்டும். துருப்பிடித்த சின்னச் சின்னப் பாகங்களை அவளிடம் விடுங்கள். வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, உடனே உலர்த்தி ஆயில் தடவினால் இரும்பு பளிச்சென்று வரும்.

ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. கெட்டித் தரையில் ஸ்டாண்டு போட்டு, வண்டியை உலுக்கிப் பார்த்து அவள் "சரி" என்று சொன்ன பிறகுதான் நீங்களே உள்ளே போக வேண்டும். சக்கரத்தின் ரிம் பல துண்டுகளாகப் பூட்டியதாக இருந்தால் டயரில் கை வைக்காதீர்கள். வளையம் தெறித்து உயிர் போன விபத்துகள் உண்டு. அதைப் பாதுகாப்புக் கூண்டு வைத்துக் காற்றடிப்பவர்தான் தொட வேண்டும்.

ஒருநாள் அவள் கையில் ஒரு போல்ட் ஒடியும். துருப்பிடித்த போல்ட் யார் கையிலும் ஒடியும் என்பதை அந்த நிமிடமே அவளிடம் சொல்லிவிடுங்கள். அப்பா முகம் சுளித்தது அவளுக்கு வண்டியைவிட அதிக நாள் நினைவில் இருக்கும்.

இந்தச் சனிக்கிழமைக்குப் பிளக் கழற்றும் வேலை மட்டும் போதும். ஒரு தாளில் சிலிண்டர் எண்களை எழுதி, கழற்றிய பிளக்கை அதனதன் எண்ணின் மேல் அவள் வைக்கட்டும். வறண்ட கரி படிந்தது எது, ஆயில் பிசுபிசுப்பது எது, வெளிர்பழுப்பாக நன்றாக எரிந்தது எது என்று இருவரும் பாருங்கள். தாத்தா கடைசியாக ஓட்டிய நாளில் எந்தச் சிலிண்டர் எப்படி இருந்தது என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.