துருக்கட்டிக்குள் ஒரு பூட்டு: திறக்காமலே படிப்பது எப்படி?

கேள்வி: ஐரோப்பிய இடைக்காலக் குடியிருப்பு ஒன்றின் அகழாய்வில் பயிற்சி பெறுகிறேன். விரல் நீளத்தில் ஓர் இரும்பு உருளை துருக்கட்டியாகக் கிடைத்தது. பூட்டாக இருக்கலாம் என்கிறார்கள். எப்படி உறுதிசெய்வது? துருவை நீக்கித் திறந்து பார்க்கலாமா?

பதில்: திறக்க வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். நீங்கள் தேடும் விடையில் பெரும்பகுதி அந்தத் துருவுக்குள்தான் இருக்கிறது.

முதலில் வடிவம். இடைக்கால உருளைப் பூட்டின் உடல் இரும்புத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. அதன் மேல் இணையாக ஒரு சிறு குழாய் ஒட்டியிருக்கும். கொண்டிக்கு இரண்டு கால்கள்: ஒன்று சிறு குழாய்க்குள் போகும், மற்றது உருளைக்குள். உருளைக்குள் போகும் காலில் வில்தகடுகள் அம்புமுனையின் எதிர்முள் போல விரிந்து நிற்கும். உள்ளே தள்ளும்போது ஒடுங்கும் தகடுகள், வாயைத் தாண்டியதும் விரிந்து சிக்கிக்கொள்ளும். இதன் சாவியைத் திருக வேண்டியதில்லை. துளையிட்ட தட்டு கொண்ட சாவியை எதிர்முனையில் நுழைத்துத் தள்ளினால், துளையின் விளிம்பு தகடுகளை அழுத்தி ஒடுக்கும். கொண்டி கழன்று வரும். ஆகவே உங்கள் உருளையில் இணைக்குழாயோ அது ஒட்டியிருந்த தடமோ தெரிந்தால், பூட்டு என்று சொல்ல அதுவே வலுவான சான்று.

அடுத்து, துருவின் நடுவே பச்சைப் புள்ளிகள் உண்டா என்று பாருங்கள். பாகங்களைச் சேர்த்து, செம்புக் கலவைத் துண்டுகளை வைத்து, களிமண்ணால் பொதிந்து உலையில் இடுவார்கள். கலவை உருகி இடுக்குகளில் ஓடிப் பற்றவைக்கும். மேற்பரப்பிலும் மெல்லிய படலமாகப் படியும். கம்பித் தூரிகையால் நாலு முறை தேய்த்தால் அந்தப் படலம் போய்விடும், திரும்ப வராது. மாட்டுமணிகளையும் இதே முறையில் செய்தார்கள் என்பதால், பச்சையை மட்டும் வைத்துப் பூட்டு என்று முடிவு கட்டக் கூடாது.

உறுதிசெய்யும் வழி எக்ஸ்ரே. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோணங்களில் எடுக்கச் சொல்லுங்கள்; ஒரே கோணத்தில் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து எண்ணிக்கை தவறும். செம்புப் படலம் இரும்பைவிட வெளிர்ந்து தெரியும். தகடுகள் முழுதும் துருவாக மாறியிருந்தால் மங்கிய நிழலே மிஞ்சும். கைவைத்தால் நொறுங்குவதும் அவைதான். கொண்டி உள்ளே இருந்து தகடுகள் விரிந்திருந்தால், பூட்டிய நிலையில் மண்ணுக்குள் போயிருக்கிறது. அத்துடன் கொண்டியில் வெட்டுத் தடமோ, உடலில் பிளவோ இருந்தால் உடைத்துத் திறந்திருக்கலாம். அது பழைய உடைப்புதானா, அகழும்போது கருவி பட்டதா என்பதை உடைந்த முகத்தில் துரு படிந்திருப்பதை வைத்துப் பிரித்தறியுங்கள்.

அதுவரை பாதுகாப்பது உங்கள் பொறுப்பு. தண்ணீரில் கழுவ வேண்டாம். சாவித்துளையில் அடைத்த மண்ணைக் குத்தி எடுக்க வேண்டாம். துளையிட்ட பாலித்தீன் பையில் இட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். ஜெல்லின் எடை பொருளின் எடைக்குக் குறையாமல் இருக்கட்டும். பெட்டிக்குள் ஈரப்பதம் 15 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. மண்ணிலிருந்து ஏறிய குளோரைடு உள்ளே தங்கியிருக்கும். ஈரம் பட்டால் மஞ்சள் பழுப்புத் துளிகள் கசிந்து, மேலடுக்கு செதில் செதிலாக உரியும். நீர் தேங்கிய மண்ணில் கிடைத்தது என்றால் மட்டும் உலர்த்தாமல், ஈரமாகக் குளிரில் வைத்து உடனே பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள்.

காலத்தை உருளை வடிவம் மட்டும் சொல்லாது; ரோமானியக் காலம் முதலே இந்த இயக்கமுறை உண்டு. ரஷ்யாவின் நோவ்கரோதில் ஒரே தெருவில் மரம் பாவிய 28 சாலைத் தளங்கள் அடுக்கடுக்காகக் கிடைத்தன. மரவளையங்களை எண்ணி முதல் தளத்தை கி.பி. 953க்கும் கடைசியை 1462க்கும் கணித்தார்கள். அங்கே கிடைத்த பூட்டுகளின் வகைகளைக் காலவரிசைப்படுத்த முடிந்தது இந்த அடுக்குகளால்தான். எனவே மண்ணடுக்கின் எண், ஆழம், சாவித்துளையின் இடமும் வடிவமும் என எல்லாவற்றையும் பதிவுசெய்யுங்கள்.

அதே அடுக்கின் மற்ற இரும்புத் துண்டுகளையும் எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள். தண்டுக்குச் செங்குத்தாகத் துளையிட்ட தட்டு தெரிந்தால் அது சாவி. துளைகளின் அமைப்பை உங்கள் பூட்டின் தகடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் அதே வகைப் பூட்டின் சாவி என்று எழுதலாம், இதே பூட்டின் சாவி என்று எழுதக் கூடாது.