குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் எவ்வளவு கடுமையான தண்டனை தர வேண்டும்?

முதலில், எது குற்றம்? இந்தியாவில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி குற்றம். தள்ளாட வேண்டியதில்லை, ஊதும் கருவி காட்டும் அளவே போதும்.

முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 2 வருடம் வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019-க்கு முன் முதல் முறைக்கான அபராதம் வெறும் 2,000 ரூபாய் வரைதான்.

யாரையும் இடிக்காதவருக்கு ஏன் தண்டனை? போதையில் கண்ணும் காலும் மெதுவாகின்றன. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். பிரேக்கை அரை நொடி தாமதமாக மிதித்தால் 8 மீட்டர் போச்சு. ஆபத்தை உண்டாக்கியதற்கே தண்டனை, உயிர் போன பிறகு அல்ல.

சிறைக்காலத்தைக் கூட்டுவதைவிடப் பிடிபடுவதை உறுதியாக்குவதே பலன் தரும் என்பது என் கருத்து. பஸ்ஸில் செக்கிங் தினமும் வந்தால் சின்ன அபராதத்துக்கே எல்லோரும் டிக்கெட் எடுப்பார்கள். வரவே வராத செக்கருக்கு யார் பயப்படுவார்? அப்புறம், திரும்பத் திரும்பச் சிக்குபவரின் லைசென்ஸைப் பறிப்பது அபராதத்தைவிட உறைக்கும்.

“ஊத மறுத்தால் தப்பிக்கலாம்” என்று பலர் நினைக்கிறார்கள். குடித்திருப்பதாக நியாயமான சந்தேகம் இருந்தால் போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். மறுத்ததும் வழக்கில் உங்களுக்கு எதிராகவே நிற்கும்.