வரைபடத்தில் நின்றுபோன கப்பல்

(இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கடலூர் முதுநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற கப்பல் ரேடியோ ஆபீசர்.)

கேள்வி: என் மகன் சரக்குக் கப்பலில் மோட்டார்மேன், இன்ஜின் அறை வேலை. கப்பல் எங்கே போகிறது என்று பார்க்க, மருமகள் என் போனில் மெரைன் டிராஃபிக் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். கொழும்பிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குக் கிளம்பிய கப்பல், மாலத்தீவு தாண்டியதும் அப்படியே நிற்கிறது. மூன்று நாளாக நகரவில்லை. அவனிடமிருந்து போனும் இல்லை. தூக்கம் வரவில்லை ஐயா.
– ஒரு வாசகி, சிங்காரத்தோப்பு

பதில்: கப்பல் பெரும்பாலும் நிற்கவில்லை அம்மா. அது பேசுவதைக் கேட்க அங்கே யாரும் இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் மகன் கப்பலில் ஏ.ஐ.எஸ். என்று ஒரு கருவி இருக்கும். 2004 முடிவதற்குள், வெளிநாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட எல்லாக் கப்பலிலும் அது இருந்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. நான் யார், எங்கே இருக்கிறேன், எந்தத் திசையில் என்ன வேகத்தில் போகிறேன் என்று ஓடும்போது சில விநாடிக்கு ஒருமுறை ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். நங்கூரம் போட்டிருந்தால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. கப்பலும் கப்பலும் மோதாமல் இருக்கத்தான் இது முதலில் வந்தது. வீட்டிலிருப்பவர்கள் பார்ப்பது பிறகு வந்த வசதி.

அந்த ரேடியோ அலை பூமியின் வளைவைத் தாண்டி அதிக தூரம் போகாது. கரையில் உயரமான ஆன்டெனா இருந்தால் சுமார் 40 கடல் மைல் வரை பிடிக்கலாம். ஊர் எல்லை தாண்டினால் கோயில் ஒலிபெருக்கி கேட்காது. அதற்காகப் பாட்டு நின்றுவிட்டது என்று அர்த்தமா? மெரைன் டிராஃபிக் 2007-இல் கிரீஸ் நாட்டில் ஏஜியன் பல்கலைக்கழகத்துக்காரர் ஒருவர் தொடங்கியது. இன்றும் அதற்குத் தகவல் தருவதில் பெரும்பங்கு, கரையோரம் தங்கள் வீட்டு மாடியில் ஆன்டெனா வைத்திருக்கும் ஆர்வலர்கள்தான். நடுக்கடலில் ஏது மாடி? அங்கே செயற்கைக்கோளால்தான் கேட்க முடியும். அந்தத் தகவலைக் காசுக்கு விற்கிறார்கள். இலவசமாகப் பார்ப்பவர்களுக்குக் கடைசியாகக் கேட்ட இடத்திலேயே குறி உறைந்து நிற்கும்.

இப்போது ஒன்று செய்யுங்கள். கப்பலின் குறியைத் தொட்டு, தகவல் எப்போது வந்தது என்ற வரியைப் பாருங்கள். மூன்று நாளுக்கு முன் என்று இருந்தால், நீங்கள் பார்ப்பது மூன்று நாள் பழைய இடம். அங்கே யு.டி.சி. (உலகப் பொது நேரம்) என்று போட்டு நேரம் காட்டினால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் கொழும்பிலிருந்து டர்பன் போக பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆகும். ஆப்பிரிக்கக் கரையை நெருங்கியதும் குறி ஒரே தாவாகத் தாவிவிடும்.

இன்னொன்று. போகும் துறைமுகம், வந்துசேரும் நேரம் இரண்டையும் கப்பலில் யாரோ கையால் அடிக்கிறார்கள். பழைய துறைமுகத்தின் பெயரை மாற்ற மறந்துவிடுவதும் உண்டு. கொள்ளையர் பயமுள்ள கடலில், ஊர்ப் பெயருக்குப் பதிலாக ‘ஆயுதக் காவலர்கள் இருக்கிறார்கள்’ என்று எழுதி வைப்பார்கள். அதைப் பார்த்துப் பதறக் கூடாது. ஆபத்து என்று தோன்றினால் கேப்டன் கருவியையே அணைக்கலாம், விதி அதற்கு இடம் தருகிறது. அப்புறம், கப்பலைப் பெயரால் தேடாதீர்கள். ஒரே பெயரில் பல கப்பல்கள் உண்டு, விற்றால் பெயரும் மாறும். ஒவ்வொரு கப்பலுக்கும் தனியாகத் தரப்படும் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் மட்டும் கப்பலை உடைக்கும் வரை மாறாது. மகனிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.

மனசு இன்னும் கேட்கவில்லையென்றால் அவனை அனுப்பிய ஏஜென்சிக்குப் போன் போடுங்கள். தினமும் நண்பகலில் கப்பல் தன் இடத்தைக் கம்பெனிக்குச் சொல்லும். என் காலத்தில் அதை மோர்ஸ் தந்திக் குறியில் தட்டி அனுப்பியது என் போன்றவர்கள். 1999 பிப்ரவரியில் மோர்ஸ் தேவைப்படாத புதிய முறை முழுதாக நடைமுறைக்கு வந்தது, எங்கள் வேலையும் போனது. நண்பகல் செய்தி மட்டும் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

கேள்வி: இரவில் புதுச்சேரி பீச் ரோட்டில் நின்றால் கடலில் நிறைய விளக்குகள் தெரிகின்றன. வரைபடத்தில் அங்கே ஒரு கப்பலும் இல்லை. வரைபடம் காட்டும் கப்பலோ கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏன்?
– ஒரு வாசகர், குருசுக்குப்பம்

பதில்: விளக்குகள் பெரும்பாலும் மீன்பிடிப் படகுகள். அவற்றில் பலவற்றில் ஏ.ஐ.எஸ். கிடையாது. போர்க்கப்பல்களுக்கும் அது கட்டாயமில்லை. வரைபடக் கப்பல் கண்ணுக்குத் தெரியாததற்குக் கணக்கு இருக்கிறது: மணலில் நிற்பவர் கண்ணுக்குத் தொடுவானம் நாலரை கிலோமீட்டர்தான். முப்பது மீட்டர் உயரக் கப்பலானாலும் 24 கிலோமீட்டர் தாண்டினால் முழுக்க மறைந்துவிடும்.

கேள்வி: அப்பாவின் ஃபைபர் மீன்பிடிப் படகை இந்தக் கப்பல் வரைபடத்தில் பார்க்க முடியுமா?
– ஒரு கல்லூரி மாணவி, தேவனாம்பட்டினம்

பதில்: முடியாது. இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர் என்ற செய்திக் கருவியை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் ஒன்றிய அரசுத் திட்டம் இருக்கிறது. படகிலிருந்து ஆபத்துச் செய்தியும் கரையிலிருந்து புயல் எச்சரிக்கையும் அதில் போகும், வரும். ஆனால் அது நம் போனில் பார்க்கிற பொது வரைபடத்துக்கு வராது.

உங்கள் அப்பா கப்பலைப் பார்ப்பதை விட, கப்பல் அவரைப் பார்ப்பதுதான் எனக்குக் கவலை. ஃபைபர் ரேடாரில் சரியாகத் தெரியாது. கம்பத்தில் ஒரு ரேடார் ரிஃப்ளெக்டர் கட்டச் சொல்லுங்கள், வெறும் உலோகத் தகடுகள்தான். இரவில் விளக்கு அணையக் கூடாது. கடலோரக் காவல்படை 1554, கடலோரப் போலீஸ் 1093, இரண்டும் வீட்டில் எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

அலையைத் தெரிந்துகொள்ள இந்தப் பக்கத்துக்காரர்கள் இணையத்தைப் பயன்படுத்துவது புதிதும் இல்லை. வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம், 1990-களின் இறுதியிலேயே அமெரிக்கக் கடற்படை வலைத்தளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னது. கப்பல் வரைபடம் வருவதற்கு எவ்வளவோ முன்பு.

கேள்வி: எங்கள் மாடியில் நானே ஏ.ஐ.எஸ். பிடிக்க முடியுமா?
– பொறியியல் மாணவர், கடலூர்

பதில்: முடியும் தம்பி. கணினியில் செருகும், மென்பொருளால் இயங்கும் சின்ன எஸ்.டி.ஆர். ரேடியோ ரிசீவர் போதும். அலைவரிசை 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ். அலைநீளத்தில் கால் பங்கு உள்ள ஆன்டெனாவுக்குக் கம்பி 46 சென்டிமீட்டர். மாடி 12 மீட்டர், கப்பலின் ஆன்டெனா 25 மீட்டர் என்றால் கணக்குப்படி 35 கிலோமீட்டர் வரை கிடைக்கும். அனுமதி விவரத்தை முதலில் உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் செம்பு சீக்கிரம் பச்சை பூத்துவிடும், கேபிள் இணைப்புகளைத் தண்ணீர் புகாத டேப்பால் நன்றாகச் சுற்றுங்கள். ஐப்பசி பிறந்ததும் கம்பத்தை இறக்கி வையுங்கள். 2011 ‘தானே’ புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் எந்த மாடியிலும் ஆன்டெனா இல்லை.